டி-55 மேல் படிந்த வெளுப்பு: மண்டபத்து ஈரமும் லாக்கர் வார்னிஷும்

1/35 அளவு டி-55 டாங்கி பொம்மை மாடலுக்கு, காற்றால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில், லாக்கர் வகை (கரைப்பான் ஆவியாகிக் காயும்) மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பில்லாத மேல்பூச்சு, அடித்த கால் மணி நேரத்தில், பச்சை பெயின்ட் மேல் மாவு தூவியதுபோல் வெளுப்பு. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இரண்டு பக்கமும் கடல். ஐப்பசியில் டப்பாவுக்குள் உப்பே கசியும்.

பாட்டில் பழசென்று நினைத்துப் புதுசு வாங்கினேன். மேட் பொடி அடியில் தங்கியிருக்குமோ என்று ஐந்து நிமிடம் கலக்கினேன். காற்றழுத்தத்தை 25-லிருந்து 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினேன். நான்கு நாள் போனது, வெளுப்பு போகவில்லை.

முதலில் அடித்த டரட் (பீரங்கி உள்ள மேல்கூண்டு) சுத்தமாக இருந்தது. கடைசியில் அடித்த சக்கரப் பக்கம்தான் மோசம். அதுதான் துப்பு: நேரம் போகப் போக எங்கோ ஈரம் சேர்கிறது. கம்ப்ரசரிலிருந்து காற்று வரும் ஹோஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், தாழ்ந்து தொங்கிய வளைவில் முத்து முத்தாய்த் தண்ணீர். கம்ப்ரசர் வாயில், காற்றிலிருந்து தண்ணீரைப் பிடிக்கும் வாட்டர் ட்ராப் இருக்கிறது. ஆனால் அங்கே காற்று இன்னும் சூடு. ஈரம் ஆவியாகவே ட்ராப்பைத் தாண்டி, ஹோஸில் குளிர்ந்து தண்ணீராகிறது.

இன்னொரு சின்ன ட்ராப்பை ஏர்பிரஷ்ஷுக்கு அடியிலேயே மாட்டினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வால்வை அழுத்தி வடித்துவிட வேண்டும். வார்னிஷை நீர்க்கவைக்கும் தின்னரையும் மாற்றினேன். சீக்கிரம் ஆவியாகும் லாக்கர் தின்னர் பரப்பைக் குளிரவைக்கும், காற்றின் ஈரம் அதில் படியும். மிஸ்டர் லெவலிங் தின்னர் மெதுவாகக் காயும். வார்னிஷ் ஒன்றுக்குத் தின்னர் இரண்டு.

வெளுத்த இடத்தைச் சுரண்டாதீர்கள். அதே தின்னரை மட்டும் 12 செ.மீ. தள்ளி, பனிபோல் லேசாக அடித்தால் வார்னிஷ் இளகி ஈரம் வெளியேறும். கண் முன்னே பச்சை திரும்பியது, அப்பாடா என்றிருந்தது. டெக்கால் (மாடலில் ஒட்டும் மெல்லிய சின்னப் படம்) மேல் மட்டும் கையை நிறுத்தக் கூடாது, சுருங்கிவிடும்.