அப்பர் பவானித் தண்ணீருக்கு விலை போடுவது எப்படி?

நீலகிரி மஞ்சூரில் இருந்துகொண்டு, அப்பர் பவானி போன்ற மின் உற்பத்தி அணைகளின் தண்ணீரை இன்றே திறப்பதா அடுத்த மாதத்துக்கு வைப்பதா என்று கணக்குப் போட்டுப் பழகியவன் நான். தண்ணீர் இலவசம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாளைக்கு அது எந்த அனல் மின்சாரத்தைத் தவிர்க்குமோ, அதுதான் அதன் விலை.

மே மாதக் கடைசி. நிலக்கரி மின்சாரம் யூனிட் 4 ரூபாய் என்று வைப்போம். தென்மேற்குப் பருவமழை கொட்டினால் சேமித்த நீர் வழிந்தோடிவிடும், மதிப்பு 0. பொய்த்தால் 8 ரூபாய் மின்சாரத்தைத் தவிர்க்கும். பொய்க்க 40 சதவீத வாய்ப்பு என்றால் தண்ணீரின் மதிப்பு 3.20. நிலக்கரியின் 4 ரூபாயைவிடக் குறைவு; சரி, இன்றே திறக்கலாம். 60 சதவீதம் என்றால் 4.80, நீரை வைத்துக்கொண்டு நிலக்கரியை எரியுங்கள். சராசரி மழையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வறட்சி ஆண்டு அதற்குள் மறைந்துபோகும். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

இதையே கடைசி மாதத்தில் தொடங்கிப் பின்னோக்கி, ஒவ்வொரு நீர்மட்டத்துக்கும் செய்யுங்கள். இதன் பெயர் டைனமிக் புரோகிராமிங். ஓர் அணைக்கு எக்செல் போதும். அணைக்குப் 10 மட்டம் என்றால், ஐந்து அணைக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டிய நிலைகள் 1 லட்சம். பத்து அணைக்கு 1,000 கோடி! அப்புறம் பெரைரா, பிண்டோ என்ற ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட முறைக்குத்தான் போகவேண்டும். மழை எப்படியெல்லாம் பெய்யலாம் என்று சில வரிசைகளை எடுத்து, அவற்றில் மாதம் மாதமாக முன்னே சென்று, திரும்பி வரும்போது எதிர்காலச் செலவை நேர்கோடுகளால் கீழிருந்து தோராயமாக்கும் முறை அது.

அப்பர் பவானி அடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தில் இன்னொன்று. அப்பர் பவானி நீர் அவலாஞ்சிக்கு வந்து, மின்நிலையம் மின்நிலையமாக இறங்குகிறது. மேல் அணைக்கு விலை போடும்போது கீழே கிடைக்கும் யூனிட்டுகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.