கேமரா வாங்குவதற்கு முன் கல்லாவைப் பாருங்கள்

சின்னதாகக் கடையோ பட்டறையோ அலுவலகமோ நடத்துகிறவர்களிடம் பாதுகாப்பு என்று பேச்சை எடுத்தாலே, "நாலு கேமரா போட்டாச்சு" என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள். கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அது வரிசையில் கடைசிக்குப் பக்கத்தில் வர வேண்டிய பொருள், ஏனென்றால் சின்னத் தொழில்களில் பணம் போகிற வழிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டை உடைக்க வேண்டிய தேவையே இல்லை: சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாத நிலை, எல்லாக் கணக்கையும் ஒரே ஆள் பார்ப்பது, தினமும் அதே நேரத்தில் அதே பையோடு வங்கிக்குப் போவது, இப்படி நாமே பழக்கத்தில் திறந்து வைத்த வழிகள்தான். அதையெல்லாம் மூடச் செலவும் அதிகமில்லை. முதலில் அதைச் செய்யுங்கள்.

வெளியே நின்று பாருங்கள்

ஒரு நாள் இரவு, அடைத்து அரை மணி நேரம் கழித்து, உங்கள் இடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். திருட வருகிறவன் போடுகிற கணக்கு சுருக்கமானது: உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரத்தில் யார் கண்ணிலாவது படுவேனா, கிடைப்பது அதற்குத் தகுமா. அந்தக் கண்ணோடு பார்த்தால், பின்பக்கச் சுவரை ஒட்டி அடுக்கிய காலிப் பெட்டிகள் கூரைக்கு ஏறும் படியாகத் தெரியும், கழிவறை ஜன்னலில் கம்பி இல்லாதது தெரியும், சுவரோரம் சாத்தி வைத்த ஏணி தெரியும். விளக்கு எரிந்தால் மட்டும் போதாது, அந்த வெளிச்சத்தில் நிற்கிறவனை யாராவது பார்க்க முடிய வேண்டும். யாரும் எட்டிப் பார்க்காத சந்தில் இரவெல்லாம் எரியும் விளக்கு அவனுக்குத்தான் உதவும், அங்கே ஆள் வந்தால் எரிகிற சென்சார் விளக்கு மேல்.

முன்பக்கக் கண்ணாடி முழுக்க விளம்பரம் ஒட்டி மறைப்பதும் இதே ரகம்தான். 1970களில் தென் கலிபோர்னியாவில் செவன்-இலெவன் கடைகளில் ஒரு சோதனை செய்தார்கள், சிறை போய் வந்த பழைய கொள்ளையரிடமே யோசனை கேட்டு: ஜன்னலை மறைத்த போஸ்டர்களை எடுத்தார்கள், கல்லா தெருவிலிருந்து தெரிகிற மாதிரி செய்தார்கள், வெளிச்சத்தைக் கூட்டினார்கள், கல்லாவில் குறைந்த பணமே வைத்தார்கள். மாற்றம் செய்யாத கடைகளோடு ஒப்பிட்டபோது கொள்ளைகள் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தன. இதில் விலை கூடிய கருவி என்று எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கதவு, பூட்டு, சாவி

நல்ல பூட்டாக வாங்கிவிட்டு அதை உளுத்த மரச்சட்டத்தில் மாட்டுகிறவர்கள் நிறைய. உதைத்தால் பிய்வது பெரும்பாலும் பூட்டு இல்லை, தாழ் போய் உட்காருகிற சட்டமும் அதில் இருக்கும் மெல்லிய தகடும்தான். தாழ் குறைந்தது 25 மில்லிமீட்டராவது சட்டத்துக்குள் போக வேண்டும், தகட்டின் திருகுகள் சட்டத்தைத் தாண்டிச் சுவர் வரை பிடிக்கிற அளவு, அதாவது 75 மில்லிமீட்டர் வாக்கில், நீளமாக இருக்க வேண்டும். சாவி போடும் சிலிண்டர் கதவுப் பரப்பை விட்டு 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால் கருவியால் பிடித்து முறித்துவிடலாம். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவில் கீல் முள் வெளியே தெரிகிறதா என்றும் பாருங்கள், அதைத் தட்டிக் கழற்றினால் பூட்டுக்கு வேலையே இல்லை. ஷட்டருக்கு நடுவில் ஒரே ஒரு பூட்டு போதாது, இரண்டு ஓரமும் பூட்டப்பட வேண்டும், இல்லையென்றால் ஓரத்தை நெம்பி ஆள் நுழையும் அளவு தூக்கிவிடுவார்கள்.

தொங்கும் பூட்டு என்றால் வளையம் வெளியே அதிகம் தெரியாத வகையை வாங்குங்கள், வெட்டும் கருவி நுழைய இடம் இருக்காது. பகலில் திறந்த பூட்டைக் கொண்டியிலேயே தொங்க விடாதீர்கள். அதே மாதிரி இன்னொரு பூட்டை மாட்டிவிட்டு உங்களுடையதை எடுத்துப் போகிற ஆள் உண்டு, இரவில் நீங்கள் அவனுடைய பூட்டை அழுத்திப் பூட்டிவிட்டுப் போவீர்கள், அவன் தன் சாவியோடு வந்து திறப்பான். ஆட்கள் உள்ளே இருக்கும்போது அவசர வழியை மட்டும் எக்காரணம் கொண்டும் பூட்டக் கூடாது, தீப்பிடித்தால் அது உயிர்ப் பிரச்சினை. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காத தள்ளு கம்பி கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

சாவிக்கு ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை சாவி, யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தது. ஒருவர் வேலையை விட்டுப் போனதும் சாவியைத் திருப்பி வாங்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம், நகல் எடுத்திருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை, பல பூட்டுகளில் சிலிண்டரை மட்டும் மாற்றலாம். அலாரம் எண் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும், எல்லாரும் ஒரே எண்ணைப் போட்டால் யார் எப்போது திறந்தார்கள் என்பது பதிவில் இருந்தும் பிரயோஜனமில்லை.

பணம்

கல்லாவில் சில்லறைக்குத் தேவையானது போக மீதியை அவ்வப்போது எடுத்து, மேலே துளை வழியாகப் போடுகிற, வேலை செய்கிறவர் திறக்க முடியாத பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். அப்படி ஒரு பெட்டி இருக்கிறது என்று வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள். பெட்டியைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள், ஆளால் தூக்க முடிந்தால் பெட்டியோடு போய்விடும். இன்னொன்று, தீயைத் தாங்கும் பெட்டி என்று விற்பது காகிதத்தைக் காப்பாற்றத்தான், உடைக்க வருகிறவனைத் தாங்கும் என்று நம்பி வாங்காதீர்கள். இரவில் கல்லா டிராயரைக் காலியாக, திறந்தபடியே விட்டுப் போங்கள், எப்படியும் எடுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தால் கல்லாவை உடைக்கும் நஷ்டமாவது மிச்சமாகும்.

பணம் எண்ணுவது வெளியாட்கள் கண்ணில் படாத இடத்தில். வங்கிக்குப் போகும் நேரமும் வழியும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். திறக்கும்போதும் அடைக்கும்போதும் முடிந்தவரை இரண்டு பேர், ஒருவர் வெளியே தள்ளி நிற்க, இன்னொருவர் உள்ளே பார்த்துவிட்டு முன்பே பேசி வைத்த ஒரு சொல்லைச் சொன்ன பிறகுதான் மற்றவர் நுழைய வேண்டும்.

உள்ளிருந்து போகும் பணம்

இதைப் பேசத்தான் யாருக்கும் பிடிப்பதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி 1950களில், நம்பிக்கை மோசடி செய்து சிறைக்குப் போனவர்களிடம் பேசிப் பார்த்து ஒரு விஷயம் சொன்னார்: வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, எடுக்க ஒரு வாய்ப்பு, "கடனாகத்தானே எடுக்கிறேன்" என்று மனசுக்குள் ஒரு சமாதானம், இந்த மூன்றும் சேரும்போது நல்லவர் என்று பெயர் வாங்கியவரும் கை வைக்கிறார். நெருக்கடியும் சமாதானமும் உங்கள் கையில் இல்லை, வாய்ப்பு முழுக்க உங்கள் கையில். அதனால் "என் ஆட்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை" என்பது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. பொறுப்பைப் பிரித்து வைப்பதை அவமானமாக நினைக்கவும் வேண்டாம், பணம் குறைந்தால் சந்தேகம் நேர்மையான ஆள் மேல் விழாமல் காப்பதும் அதுதான்.

சரக்கு ஆர்டர் கொடுப்பவர், வந்ததை எண்ணி வாங்குபவர், பில்லுக்குப் பணம் கொடுப்பவர், மூவரும் ஒரே ஆளாக இருந்தால் இல்லாத விற்பனையாளர் பெயரில் பில் உண்டாக்க ஒரு மத்தியானம் போதும். மொத்தமே இரண்டு பேர்தான் வேலை செய்கிறார்கள், எப்படிப் பிரிப்பது என்றால், வங்கிக் கணக்கின் பட்டியலை மட்டுமாவது முதலாளி நேராக வங்கியிலிருந்து எடுத்து, வேறு யாரும் தொடுவதற்கு முன் வரிவரியாகப் படிக்க வேண்டும். கல்லாவில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் தனி லாகின், தனி டிராயர். பில் ரத்து, பணம் திருப்பிக் கொடுத்தது, விற்பனை இல்லாமல் டிராயர் திறந்தது, இந்த மூன்றின் பட்டியலை வாரம் ஒரு முறை பாருங்கள், ஒரே ஆளின் நேரத்தில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே கேள்வி கேட்கலாம். அப்புறம், விடுப்பே எடுக்காத கணக்காளரை ரொம்பப் புகழ வேண்டாம், வருடத்துக்கு ஒரு முறை தொடர்ச்சியாகச் சில நாட்கள் அவர் வேலையை இன்னொருவர் பார்க்கட்டும், பல மோசடிகள் இப்படித்தான் வெளியே வந்திருக்கின்றன.

மோசடித் தணிக்கையாளர்களின் சர்வதேச அமைப்பான ஏசிஎஃப்இ 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நிறுவனங்களுக்குள் நடந்த மோசடிகளில் 43 சதவீதம் யாரோ ஒருவர் தகவல் சொன்னதால் பிடிபட்டவை, அந்தத் தகவல்களில் பாதிக்கு மேல் உடன் வேலை செய்கிறவர்கள் சொன்னது. பாதி மோசடிகள் பிடிபட 12 மாதமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. ஆக, உங்கள் ஆட்கள் உங்களிடம் தைரியமாகப் பேச முடிகிறதா என்பதுதான் பெரிய கேள்வி. சொன்னவர் பெயர் வெளியே வராது என்று சொல்லுங்கள், வரவும் விடாதீர்கள். சந்தேகம் வந்தால் எல்லார் முன்னாலும் கத்தாமல் முதலில் ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள். பை சோதனை வைப்பதென்றால் முதலாளி பையும் சேர்த்து எல்லார் பையும், வேலைக்குச் சேரும்போதே சொல்லி வைத்து.

கண் எதிரே நடப்பவை

உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை பேசுங்கள், வாங்க வந்தவருக்கு அது மரியாதை, எடுக்க வந்தவருக்கு எச்சரிக்கை. சின்னதாக, விலை கூடுதலாக உள்ள பொருள் கல்லாவுக்குப் பின்னால் இருக்கட்டும்.

சில்லறை மாற்றுகிற ஏமாற்று பழையது, இன்னும் நடக்கிறது: பெரிய நோட்டைக் கொடுத்து, மீதி வாங்கும்போது வேறு நோட்டு தருகிறேன், அதைக் கொடுங்கள் இதைக் கொடுங்கள் என்று குழப்புவார்கள். வாங்கிய நோட்டை டிராயருக்குள் போடாமல் கண்ணெதிரே தனியாக வைத்து, மீதியைக் கொடுத்து முடித்த பிறகே உள்ளே போடுங்கள், நடுவில் இன்னொரு கணக்கு தொடங்கினால் "முதல்ல இதை முடிப்போம்" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் க்யூஆர் கோடு மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று தினமும் திறக்கும்போது ஒரு முறை ஸ்கேன் செய்து யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். பணம் அனுப்பியதாக அவர் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட் எதற்கும் சாட்சி இல்லை, உங்கள் கணக்கில் விழுந்ததா என்பது மட்டும்தான். "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று வருகிறவரிடம் அவசரப்படாதீர்கள், வங்கி மூலமாகவே சரிசெய்து கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

பெரிய அடி விழுவது இன்னொரு இடத்தில். வழக்கமாகச் சரக்கு தருகிறவரிடமிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று மின்னஞ்சல் வரும். 2013 முதல் 2015 வரை லிதுவேனியாவைச் சேர்ந்த ஓர் ஆள், ஒரு பெரிய கணினி உற்பத்தி நிறுவனத்தின் பெயரில் போலி பில்களை அனுப்பியே கூகுளிடமிருந்தும் ஃபேஸ்புக்கிடமிருந்தும் 10 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார், 2019இல் 5 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. அத்தனை பெரிய கணக்குப் பிரிவே அனுப்பியிருக்கிறது என்றால் நீங்கள் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: கணக்கு எண் மாறினால், அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு இல்லாமல், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பழைய எண்ணுக்குப் போன் செய்து குரலில் உறுதி செய்யாமல் ஒரு காசு அனுப்பக் கூடாது. முதலாளி பெயரில் "அவசரம், உடனே அனுப்பு" என்று செய்தி வந்தாலும் இதே விதி, உங்கள் ஆள் உங்களையே திரும்ப அழைத்துக் கேட்டால் கோபப்படாதீர்கள்.

கணினிக்குச் சுருக்கமாக: மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் நீளமான, வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு, கூடவே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. வாடிக்கையாளர் வைஃபை தனி, பில்லிங் கணினி இருக்கும் வைஃபை தனி. கணக்குகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சேமிப்பில் (ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் மாதிரி), ஒன்று வேறு இடத்தில், அதில் ஒன்றாவது கணினியோடு எப்போதும் இணைந்திராமல். பிரதியிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் அது பிரதி.

இப்போது கேமரா

எத்தனை கேமரா என்பதை விட எங்கே, எவ்வளவு அகலம் என்பதுதான் விஷயம். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது 2014இல் வந்த சர்வதேச அளவுகோல். 1920 பிக்சல் அகலமுள்ள சாதாரண 1080பி கேமரா என்றால், அது பார்க்கும் இடத்தின் அகலம் ஏழரை மீட்டருக்கு மேல் போனாலே அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே வாசலுக்கு என்று ஒன்று, குறுகிய கோணத்தில், முக உயரத்துக்குப் பக்கமாக வையுங்கள். கூரை மூலையிலிருந்து பார்த்தால் தொப்பிதான் பதிவாகும். வாசல் வெளிச்சம் பின்னால் அடித்து முகம் கறுக்காமல் இருக்கிறதா என்று பகலிலும் இரவிலும் ஒருமுறை பாருங்கள். பதிவுப் பெட்டியைக் கல்லா பக்கத்தில் வைக்காமல் பூட்டிய இடத்தில் வையுங்கள், திருடுகிறவன் அதையும் தூக்கிப் போவான். கடிகாரம் சரியான நேரம் காட்டட்டும், ஒரு நிமிடக் காட்சியை வெளியே எடுக்க இப்போதே பழகிக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல் இப்படி மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றித்தான் பல பெரிய இணையதளங்களைச் சில மணி நேரம் முடக்கியது.

ஆயுதத்தோடு வந்தால்

கொடுத்துவிடுங்கள். பேரம் பேச வேண்டாம், வீரம் வேண்டாம். கைகள் தெரிகிற மாதிரி இருக்கட்டும், டிராயருக்கோ பைக்கோ கை போகும் முன் "சாவி எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். அலாரம் பொத்தான் இருந்தால் அவர் பார்க்காமல் அழுத்த முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். போன பிறகு துரத்தாதீர்கள். கதவைப் பூட்டுங்கள், போலீஸை அழையுங்கள், அவர் தொட்ட இடத்தைத் தொடாதீர்கள். பார்த்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு முன் ஆளுக்கு ஒரு காகிதத்தில் தனித்தனியாக எழுதட்டும், பேசிவிட்டால் எல்லார் நினைவும் ஒன்றாகக் கலந்துவிடும். இதை முன்கூட்டியே ஒருமுறை நடித்துப் பாருங்கள், குறிப்பாக இரவில் தனியாக இருப்பவரோடு.

ஒரு முறை நடந்துவிட்டால்

ஒரு இடத்தில் திருட்டு நடந்தால் அதே இடத்தில் மறுபடி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது, அதுவும் சில வாரங்களுக்குள். இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களில் இதைக் கவனித்து, ஏற்கெனவே திருட்டு நடந்த வீடுகளுக்கு உடனே பூட்டு, ஜன்னல் பலப்படுத்தி, அக்கம்பக்கத்தாரைக் கண் வைக்கச் சொன்னதில் அந்தக் குடியிருப்பின் திருட்டே வெகுவாகக் குறைந்தது. அதனால் உடைந்த வழியை அன்றைக்கே அடையுங்கள், தற்காலிகமாகப் பலகை அடித்தாவது. சாவி காணாமல் போயிருந்தால் அன்றைக்கே சிலிண்டர் மாற்றம். போன சரக்குக்குப் பதில் புதுச் சரக்கை அதே அலமாரியில் அதே மாதிரி அடுக்க அவசரப்படாதீர்கள், காப்பீட்டுப் பணம் வந்து புதுசு வாங்கி வைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. காப்பீடு கேட்கும்போது ரசீது, சீரியல் எண், புகைப்படம் எல்லாம் வேண்டும், அவை திருடு போன அதே கணினியில் மட்டும் இருந்தால் கதை முடிந்தது, இன்றே ஒவ்வொரு கருவியின் சீரியல் எண்ணையும் போனில் படம் எடுத்து வெளியே எங்காவது சேமித்து வையுங்கள்.