பள்ளியில் ஹைடெக் லேப் (கணினி அறை) இருக்கிறது, சரி; அதில் பிள்ளைகளை எதற்காக உட்கார வைக்கிறோம்?

இந்த ஆண்டு வகுப்பில் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டால், ஆசிரியர்களான நம்மில் பலர் ‘வாரம் மூன்று முறை ஸ்மார்ட் போர்டு’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். கணக்குக் காட்ட வசதிதான், ஆனால் அந்த வரியில் பிள்ளைகளே இல்லை.

கருவியை விட்டுவிட்டு, வருடா வருடம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடத்திலிருந்து தொடங்குங்கள். மின்சுற்றையே எடுத்துக்கொள்வோம். தொடர் இணைப்பில் (ஒன்றன் பின் ஒன்றாக) ஒரே மாதிரியான இரண்டு பல்பு போட்டால் முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் ‘தின்றுவிடும்’, அதனால் இரண்டாவது மங்கலாக எரியும் என்று நிறையப் பிள்ளைகள் நம்புகிறார்கள், பத்தாம் வகுப்பு வந்த பிறகும் சிலர் அப்படியே நம்புகிறார்கள். வீடியோ போட்டால் தலையாட்டுவார்கள், அந்த நம்பிக்கை அசையாது.

இப்போது இலக்கை எழுதுங்கள்: ‘இந்தப் பாடம் முடியும்போது வகுப்பில் முக்கால்வாசிப் பேர், இரண்டு பல்பும் ஏன் ஒரே அளவு எரிகிறது என்று படம் வரைந்து காரணம் சொல்வார்கள்.’ யார், எதை, எப்போது, எத்தனை பேர் என்பதெல்லாம் இதில் வந்துவிட்டது. பாடக்குறிப்பில் கற்றல் விளைவு எழுதும் இடத்திலேயே இதை எழுதிவிடலாம், தனியாக ஒரு ஃபைல் வேண்டாம்.

அப்புறம்தான் கருவி. இதற்கு நான் சொல்வது பெட் (PhET) சிமுலேஷன், அதாவது கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் சோதனை. கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வைமன் 2002இல் தொடங்கியது, இலவசம், பல சிமுலேஷன்கள் தமிழிலும் உண்டு. மின்சுற்று சிமுலேஷனில் மின்கலம், வயர், பல்பு எல்லாவற்றையும் பிள்ளையே இழுத்து இணைக்கலாம். பல்புக்கு முன்னால் மின்னோட்டத்தை அளக்கும் ஒரு அம்மீட்டர், பின்னால் ஒரு அம்மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே எண் வரும்போது, தான் நினைத்தது தவறு என்று பிள்ளைக்குத் தானாகவே தெரிகிறது. இதைக் கரும்பலகையில் காட்ட முடியாது, லேப்புக்குக் கூட்டிப்போகும் சிரமத்துக்கு இது ஒன்றே போதும். ஒரு பல்பு ஒளிர்வதை மட்டும் காட்டுவதென்றால் நிஜ பேட்டரியும் பல்புமே மேல், கணினியே வேண்டாம்.

லேப்பில் உட்கார வைப்பதற்கு முன், ‘எந்தப் பல்பு அதிகம் ஒளிரும், ஏன்?’ என்று துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். முடிந்ததும் அதே கேள்வி, புதுச்சீட்டு. மதிப்பெண் போட வேண்டாம், முன்பு வாங்கிய சீட்டையும் பிறகு வாங்கிய சீட்டையும் பக்கத்தில் வைத்து எத்தனை பேர் பதிலை மாற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். பதிலை மாற்றினாலும் காரணம் எழுதவில்லையென்றால் அதைச் சேர்க்காதீர்கள்.

மூன்று பேருக்கு ஒரு கணினி, மவுஸ் கை மாறிக்கொண்டே இருக்கட்டும், இல்லையென்றால் விவரமான ஒரு பிள்ளையே எல்லாவற்றையும் செய்துவிடும். நெட் வராத நாளும் வரும் என்பதால் சிமுலேஷனை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வையுங்கள். வீட்டு ஃபோனில் பார்த்து வா என்று இலக்கு வைக்காதீர்கள், பல வீடுகளில் இருக்கிற ஒரே ஃபோனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

ஒரு பருவத்துக்கு இப்படி ஒரு இலக்கு, மிஞ்சினால் இரண்டு. காரணத்தோடு சரியாகச் சொன்னவர்கள் பாதிப் பேருக்கும் கீழே நின்றுவிட்டால் கருவியைக் குறை சொல்வதற்கு முன் நீங்கள் கேட்ட கேள்வியை மாற்றிப் பாருங்கள், அப்படியும் நகரவில்லையென்றால் அடுத்த ஆண்டு அந்தப் பாடத்துக்கு லேப் வேண்டாம்.