வெள்ளை இறக்கை, சிவப்புப் பொட்டு: பகலில் பறக்கும் அந்துப்பூச்சியை அடையாளம் காண

தரிசு நிலத்தில் நடக்கும்போது காலடியிலிருந்து வெள்ளையாக ஒன்று எழும்பி, கொஞ்சம் தள்ளிப் போய்ப் புல்லுக்குள் மறைந்தால், வண்ணத்துப்பூச்சி என்று விட்டுவிடாதீர்கள். மெதுவாகப் பின்னால் போய்ப் பாருங்கள், அது யுடெதீசா புல்கெல்லா என்ற அந்துப்பூச்சியாக இருக்கலாம்.

உட்கார்ந்ததும் முன்னிறக்கையைக் கவனியுங்கள். வெளிர்வெள்ளையில் ரத்தச் சிவப்பும் கருப்புமாகப் பொட்டுப் பொட்டாக இருக்கும். இறக்கையை நிமிர்த்தி மூடாமல், பாயைச் சுருட்டியதுபோல உடம்பைச் சுற்றி வைத்துக்கொள்வதால் பூச்சியே ஒல்லியாகத் தெரியும். உணர்கொம்பு நூல்போல இருக்கும், வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பதுபோல நுனியில் குமிழ் இருக்காது. பின்னிறக்கை வெள்ளை, ஓரத்தில் கோணல்மாணலாகக் கருப்புக் கரை. அது பறக்கும்போதுதான் தெரியும். இறக்கையை விரித்தால் 3 முதல் 4 செ.மீ. வரை வரும். இதே சாயலில் யுடெதீசா லோட்ரிக்ஸ் என்ற நெருங்கிய சொந்தமும் இருப்பதால், ஒரே ஒரு படத்தை வைத்து முழுப்பெயர் சொல்லாமல் யுடெதீசா என்று மட்டும் குறித்துக்கொள்வது நல்லது.

பூச்சியைத் தேடி அலைவதைவிடச் செடியைத் தேடுங்கள். கிலுகிலுப்பை, சணப்பு, தேள்கொடுக்கு, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் போதும். கிலுகிலுப்பைக் காயில் ஓட்டை தெரிந்தால் பிளந்து பாருங்கள், உள்ளே விதையைத் தின்றபடி கருத்த உடம்பில் வெள்ளைக் கோடும் ஆரஞ்சுப் புள்ளியுமாக ஒரு மயிர்ப்புழு இருக்கலாம். சணப்பு போடும் விவசாயிகள் இந்தப் புழுவை நன்றாக அறிவார்கள்.

சரி, எல்லாரும் பார்க்கும் பகலில் இவ்வளவு பளிச்சென்று ஏன் பறக்கிறது? இந்தச் செடிகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நஞ்சு உண்டு. புழு அதைத் தின்று உடம்பில் சேர்த்துவைக்கிறது, பூச்சியான பிறகும் அது போவதில்லை. அந்தச் சிவப்பு, 'என்னைத் தின்னாதே' என்ற எச்சரிக்கை. அமெரிக்காவில் உள்ள இதன் சொந்தமான யுடெதீசா ஆர்னாட்ரிக்ஸை கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஐஸ்னர் குழுவினர் பல வருடம் ஆராய்ந்தார்கள். வலையில் சிக்கிய பூச்சியைச் சிலந்தியே இழைகளை அறுத்து விடுவித்துவிடுகிறது! அதைவிட எனக்கு வியப்பு, இணை சேரும்போது ஆண் தன் நஞ்சில் ஒரு பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது, பெண் அதைத் தன்னுடையதோடு சேர்த்து முட்டைகளுக்குக் கொடுக்கிறது. முட்டையாக இருக்கும்போதே பாதுகாப்பு வந்துவிடுகிறது.

அப்புறம், படம் எடுக்கும்போது பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, உட்கார்ந்திருந்த செடியையும் ஒன்று எடுங்கள். பெயர் கண்டுபிடிக்க அந்தச் செடிப் படம்தான் பல நேரம் உதவுகிறது.