டி. வலேராவா, டி வலேராவா? அயர்லாந்துத் தலைவர்களின் பெயர்களில் நாம் செய்யும் தவறுகள்

அயர்லாந்தின் விடுதலைத் தலைவரும் பின்னாள் பிரதமருமான டி வலேராவை 'டி. வலேரா' என்று புள்ளி வைத்து எழுதுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். ஓர் எழுத்து தனியாக நின்றால் அது இனிஷியல்தான் என்று தமிழ்க் கை தானாகவே ஒரு புள்ளியை வைத்துவிடும், படிப்பவரும் அப்பா பெயர் டேவிட்டோ டேனியலோ என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அந்த 'டி' இனிஷியல் இல்லை. ஸ்பானியப் பெயர் அது, 'டி வலேரா' முழுவதும் சேர்ந்துதான் குடும்பப் பெயர். அதனால் புள்ளியும் கூடாது, 'வலேரா கூறினார்' என்று பாதியை வெட்டிவிட்டு எழுதுவதும் கூடாது.

சரி, இனி 'டி' வந்தாலே புள்ளி வேண்டாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2011 முதல் 2025 வரை குடியரசுத் தலைவராக இருந்த மைக்கேல் டி. ஹிக்கின்ஸுக்குப் புள்ளி கட்டாயம் வேண்டும், அவருடைய 'டி.' டேனியல். நாட்டு மக்களே அவரைச் செல்லமாக 'மைக்கேல் டி' என்பார்கள். 1922 முதல் 1932 வரை ஆட்சி நடத்திய டபிள்யூ. டி. காஸ்கிரேவுக்கும் புள்ளி உண்டு, ஆனால் அந்த 'டி.' தாமஸ். ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துகள், தமிழில் வந்தால் எல்லாம் ஒரே டி. சந்தேகம் வந்தால் அந்த எழுத்து எதன் சுருக்கம் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள், அரை நிமிட வேலை.

அப்புறம் டி வலேராவின் முதல் பெயர். இதில்தான் தமிழ் நம் காலை வாரிவிடும். ஐரிஷ் எழுத்துமுறையில் அந்தப் பெயரின் முதல் எழுத்தான 'இ'யின் தலையில் ஒரு சிறு சாய்கோடு இருக்கும், ஃபாடா என்பார்கள், அது நெடில் குறி. உச்சரிப்பு ஏமன். ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு 'ஈமன்' என்று எழுதினால் ஈமச்சடங்கு நினைவுக்கு வருகிறது. 'ஏ'யின் கீழ்க்கோட்டை விட்டுவிட்டு நெடிலைக் குறிலாக்கினால் எருமை மேல் ஏறி எமனே வந்து நிற்கிறான். ஒரு நாட்டின் தலைவருக்கு இரண்டும் வேண்டாம். ஏமன் டி வலேரா, அவ்வளவுதான்.

எந்த ஏமன் என்பதும் முக்கியம். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் ஏமன் கியான்ட் என்று இன்னொருவர் இருந்தார். குடியரசுப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவர், அந்த மே மாதமே சுட்டுக்கொல்லப்பட்டார். டி வலேராவுக்கும் மரண தண்டனைதான் விதித்தார்கள், பிறகு அது ஆயுள் தண்டனையானது. இருவருமே இளமையில் எட்வர்டுகள், பெயரை ஐரிஷ் ஆக்கிக்கொண்டு ஏமன் ஆனவர்கள். ஆகவே 1916 பற்றிய கட்டுரையில் 'ஏமன்' என்று முதல் பெயரை மட்டும் போட்டால் யார் செத்தார், யார் பிழைத்தார் என்று படிப்பவர் குழம்புவார். பின்னாளில் டி வலேராவின் பேரன் ஒருவரும் அமைச்சரானார், அவர் பெயரும் ஏமன்: ஏமன் ஓ கீவ். நம் ஊரில் மு. க. ஸ்டாலினை 'ஸ்டாலின்' என்று எழுதுவதுபோல அங்கே முதல் பெயரை வைத்து ஓட்ட முடியாது, குடும்பப் பெயரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எட்வர்டா ஏமனா என்ற கேள்விக்கு என் பதில் ஒன்றுதான்: அந்தந்தக் காலத்தில் டி வலேரா எப்படி அழைக்கப்பட்டாரோ அப்படி. 1882 அக்டோபர் 14ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தபோது பிறப்புப் பதிவில் ஏறிய பெயர் ஜார்ஜ் டி வலேரோ. ஆம், ஜார்ஜ், அதுவும் 'ரா' இல்லை, 'ரோ'. ஞானஸ்நானப் பெயர் எட்வர்டு. 1910இல்தான் பிறப்புச் சான்றிதழ் எட்வர்டு டி வலேரா என்று திருத்தப்பட்டது. 1885இல் லிமெரிக் மாவட்டத்தில் இருக்கும் ப்ரூரீ என்ற தாய்வழி ஊருக்கு வந்து பாட்டி வீட்டில் வளர்ந்தபோது கூப்பிட்ட பெயர் 'எட்டி'. 1908இல் ஐரிஷ் மொழியை வளர்க்கும் அமைப்பான கேலிக் லீகில் சேர்ந்து, ஐரிஷ் படித்து, சொல்லிக்கொடுத்த ஷினேடையே கல்யாணமும் செய்துகொண்ட கட்டத்தில்தான் ஏமன் வருகிறது. இதைத் தெரியாமல் '1882இல் ஏமன் என்ற குழந்தை பிறந்தது' என்று எழுதுவது தவறு. எல்லாம் தெரிந்த தோரணையில் 'இவருடைய உண்மைப் பெயர் ஜார்ஜ்' என்று தலைப்புப் போடுவது அதைவிடப் பெரிய தவறு. ஒரு மனிதர் தேர்ந்தெடுத்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கையெழுத்துப் போட்ட பெயரைப் பொய் என்பதற்கு ஒரு குமாஸ்தாவின் பதிவேடு போதாது.

இந்தப் பெயர் மாற்றம் அன்று வெறும் ஆசைக்குச் செய்ததும் இல்லை. டப்ளினில் பிறந்த சார்லஸ் பர்ஜஸ் கேலிக் லீகில் சேர்ந்து கஹல் ப்ரூ ஆனார், 1919 ஜனவரியில் விடுதலை நாடாளுமன்றத்தின் முதல் தலைவரும் ஆனார். அவரைப் பர்ஜஸ் என்று எழுதினால் நீங்கள் ஒரு பக்கம் சாய்கிறீர்கள் என்று அர்த்தமாகிவிடும். அதோடு, ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்து அவரைக் 'காத்தல் புருகா' ஆக்கிவிடாதீர்கள், ஐரிஷில் 'டி எச்' வந்தால் வெறும் 'ஹ', 'ஜி எச்' இங்கே ஊமை. 1916 எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான பியர்ஸ் கதை வேறு மாதிரி. அவரைப் பாட்ரிக் என்றும் பாட்ரைக் என்றும் எழுதிச் சண்டை போடுகிறவர்கள் உண்டு, ஆனால் 1916 பிரகடனத்தின் அடியில் இருப்பது பி. எச். பியர்ஸ். அந்தப் பிரகடனத்தைப் பற்றி எழுதும்போது அதையே போட்டுவிடலாம்.

உச்சரிப்பில் அடிக்கடி விழும் குழிகள் இன்னும் சில. ஷான் என்பதைச் 'சீன்' என்று எழுதுவது முதல் ரகம். 1974இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஷான் மக்பிரைடு 'சீன் மக்பிரைடு' ஆனால் யாரோ சீன் போடுவதுபோல இருக்கிறது. இன்னொன்று மீஹால் மார்ட்டின். 2020இலும் மறுபடி 2025 ஜனவரியிலும் பிரதமரான இவரை மைக்கேல் என்று எழுதிவிடுகிறோம், ஆனால் அவர் பெயர் ஐரிஷ் வடிவம், ஹ ஒலியோடு வருவது. விடுதலைப் போராளி மைக்கேல் காலின்ஸோ மைக்கேல்தான், அவரை மீஹால் ஆக்கி ஐரிஷ் பற்றைக் காட்ட வேண்டாம். முன்னாள் பிரதமர் சார்லஸ் ஹாஹியை 'ஹாகே' என்பதும், ஃபின்ன கேல் கட்சியை 'ஃபைன் கேல்' என்று எழுதி அபராதம் போடுவதும் இதே வகை. டி வலேரா 1926இல் தொடங்கியது ஃபியனா ஃபால். அதற்கு முன் அவர் இருந்தது ஷின் ஃபேன். நாடாளுமன்றக் கீழவைக்கு ஹால் என்பதில் வரும் ஒலிதான், டால் என்று எழுதினால் போதும், 'டெயில்' என்று வால் ஒட்ட வேண்டியதில்லை.

பிரதமரைக் குறிக்கும் ஐரிஷ் சொல் டீஷக். ஆங்கில எழுத்துகளை ஒன்றுவிடாமல் படித்தால் 'டாவோய்சீச்' மாதிரி ஏதோ ஒரு மருந்துப் பெயர் கிடைக்கும். என்னைக் கேட்டால் முதல் இடத்தில் ஒரு தடவை டீஷக் என்று சொல்லிவிட்டு மற்ற இடங்களில் பிரதமர் என்றே எழுதுவேன். ஆனால் ஆண்டைப் பார்க்காமல் அந்தச் சொல்லை ஒட்டக்கூடாது, 1937 டிசம்பரில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வரும் வரை டீஷக் என்ற பதவியே கிடையாது. அதுவரை அது நிர்வாகக் குழுத் தலைவர் பதவி. ஆகவே டபிள்யூ. டி. காஸ்கிரேவ் டீஷக் இல்லை, 1973இல் அந்தப் பதவிக்கு வந்த அவர் மகன் லியம் காஸ்கிரேவ்தான் டீஷக். வெறும் காஸ்கிரேவ் என்று எழுதினால் அப்பாவும் பிள்ளையும் ஒன்றாகிவிடுவார்கள்.

டி வலேரா விஷயத்தில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் மனிதர் வகிக்காத பதவி இல்லை, அதில் பாதியை ஆங்கிலத்தில் 'பிரசிடென்ட்' என்ற ஒரே சொல்லால் சொல்வார்கள். 1919இல் டாலின் தலைவர். 1921 ஆகஸ்டில் குடியரசின் தலைவர். 1932இல் நிர்வாகக் குழுத் தலைவர், அதாவது கிட்டத்தட்ட பிரதமர் வேலை. 1937 முதல் 1948 வரை, 1951 முதல் 1954 வரை, 1957 முதல் 1959 வரை டீஷக். 1959 முதல் 1973 வரை குடியரசுத் தலைவர், இது நம் ராஷ்டிரபதி போல ஆட்சி அதிகாரம் குறைந்த பதவி. நடுவில் ஷின் ஃபேன், ஃபியனா ஃபால் என்று கட்சித் தலைமை வேறு. 'பிரசிடென்ட் டி வலேரா' என்று ஒரு பழைய செய்தியில் பார்த்ததும் 'அதிபர்' என்று மொழிபெயர்த்துவிட்டால், 1932இல் அவருக்கு இல்லாத அதிகாரத்தை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள்.

நாட்டுப் பெயருக்கும் இதே கதிதான். 1922க்குப் பிறகு ஐரிஷ் சுதந்திர அரசு, 1937 அரசியலமைப்பில் அயர்லாந்து, 'அயர்லாந்து குடியரசு' என்ற விவரிப்பு நடைமுறைக்கு வந்தது 1949 ஏப்ரலில். நம் போட்டித் தேர்வுக் குறிப்புகளில் அரசு நெறிமுறைக் கோட்பாடுகளை அயர்லாந்திடமிருந்து எடுத்தோம் என்று படித்திருப்பீர்கள், அந்த அரசியலமைப்பு 1937இல் வந்தது, 'அயர்லாந்து குடியரசின் அரசியலமைப்பு' என்று எழுதினால் காலம் இடிக்கிறது. 'தென் அயர்லாந்து' என்பதையும் தவிர்த்துவிடுங்கள், அந்தத் தென் நாட்டின் டோனிகால் மாவட்டம் வட அயர்லாந்தைவிட வடக்கே நீண்டு கிடக்கிறது.

முன்னாள் பிரதமர் லியோ வராட்கர் பெயர் மட்டும் நமக்குப் பக்கத்தில் இருந்தும் அதிகம் சிதைகிறது. வரத்கர், வரத்கார் என்றெல்லாம் எழுதுகிறார்கள். அவருடைய அப்பா மும்பைக்காரர், குடும்பத்தின் பூர்வீகம் சிந்துதுர்க் மாவட்டத்தில் வராட் என்ற கிராமம், மங்கேஷ்கர் என்பதில் இருக்கும் அதே 'கர்' ஒட்டிய மராத்திப் பெயர் இது. வராட் ஊர்க்காரர், ஆகவே வராட்கர், நாக்கு மடியும் 'ட்' தான், 'த்' இல்லை. அயர்லாந்தில் அவர் பெயரைச் சொல்லும்போதும் நடு அசையில்தான் அழுத்தம். ஆனால் அவர் டப்ளினில் பிறந்தவர், அம்மா ஐரிஷ்காரர், '2017இல் இந்தியர் ஒருவர் பிரதமரானார்' என்று பூரித்து எழுதுவதற்கு இடமில்லை, இந்திய வம்சாவளி என்று சொன்னால் சரியாக இருக்கும்.

கடைசியாக, அயர்லாந்துத் தலைவர் யாரையும் 'ஆங்கிலேயர்' என்றோ 'இங்கிலாந்துத் தலைவர்' என்றோ எழுதவே கூடாது, லண்டன் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்த பார்னெலாக இருந்தாலும் சரி. வட அயர்லாந்து ஆட்களைப் பற்றி எழுதும்போது ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். ஒரே நகரத்தைத் தேசியவாதிகள் டெரி என்பார்கள், பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் பலர் லண்டன்டெரி என்பார்கள். 1998இல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் ஹியூமை 'லண்டன்டெரிக்காரர்' என்று எழுதினால் வரைபடத்தில் பிழை இருக்காது, ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர் டெரிக்காரர். கட்டுரை நகரத்தைப் பற்றியது என்றால் இரண்டு பெயரையும் தொடக்கத்திலேயே ஒரு முறை சொல்லிவிட்டு மேலே போகலாம்.