அக்கரையில் சாப்பிட உட்காராதீர்கள்: அருவிக்கு நடக்கும் புதியவர்கள் தவிர்க்க வேண்டியவை

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், எங்கள் நடைக்குழுவின் வாட்ஸ்அப்பில் புதிய பெயர்கள் சேர ஆரம்பித்துவிடும். சிங்கப்பூரின் மெக்ரிட்சியையும் புக்கிட் தீமாவையும் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பக்கம் காட்டு வழியாக ஏதாவது ஓர் அருவிக்கு நடந்து போகலாமே என்று கிளம்புகிறவர்கள். நல்ல ஆசைதான். இங்கே சாங்கி விமான நிலையத்தின் ஜுவலில் 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது, ஆனால் அது யாரோ இயக்கி யாரோ நிறுத்துகிற தண்ணீர். காட்டாறு அப்படி இல்லை.

தண்ணீர் பாட்டில், டார்ச், கொசு மருந்து எல்லாம் யாரும் சொல்லாமலே எடுத்து வருகிறீர்கள், அதை விட்டுவிடுகிறேன். ஆரம்பத்தில் எங்களில் பலர் செய்த அதே தவறுகளை இப்போது வருகிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். பார்க்கும்போதே பதறுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

எட்டு மணிக்குச் சந்திக்கலாம் என்பது

சனிக்கிழமை எட்டு மணிக்கு உட்லண்ட்ஸில் கூடி, சோதனைச்சாவடி தாண்டி, ஜோகூர் பாருவில் பசியாறி, கோத்தா திங்கி பக்கம் போய்க் காட்டுக்குள் கால் வைக்கும்போது பதினொன்றரை ஆகிவிடும். அருவியைப் பார்க்கும்போது மணி இரண்டு. இந்த வட்டாரத்தில் இடிமழை கட்டுகிற நேரமே அதுதான், அதிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கேட்கவே வேண்டாம். காலை வெயிலில் சூடேறிய நிலம் மதியத்துக்குள் மலைமேல் மேகத்தைக் குவித்துவிடும். ஆகவே விடியற்காலை ஐந்து மணிக்குள் சோதனைச்சாவடியில் இருங்கள், எங்கே இருந்தாலும் பகல் பன்னிரண்டுக்குத் திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுங்கள். அருவிச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் இருந்தாலும் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான்.

இன்னொன்று. முன்பு ஜோகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை அருவிப் பக்கம் கூட்டமே இருக்காது. 2025 ஜனவரியிலிருந்து அங்கேயும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. பழைய நினைப்பில் ஞாயிறு நிதானமாகக் கிளம்பினால் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும், அந்த ஒரு மணி நேரத்தைக் கடைசியில் மழையோடுதான் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

சிங்கப்பூர் வானத்தை நம்பிக் கிளம்புவது

வானிலை ஆய்வகத்தின் ரேடார் படத்தில் சிங்கப்பூரை மட்டும் பார்த்துவிட்டு, மழை இல்லை, போகலாம் என்கிறார்கள். அங்கேயே 240 கிலோமீட்டர் சுற்றளவுக்கான படமும் இருக்கிறது, ஜோகூர் முழுவதும் அதில் தெரியும். சிக்னல் போவதற்கு முன்பு கடைசியாக ஒருமுறை அதைப் பாருங்கள். முந்தின இரவு என்ன பெய்தது என்றும் பாருங்கள். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் அடித்துவிட்டுப் போகும் சுமத்ரா மழை, வானம் வெளுத்த பிறகும் ஆற்றில் ஓடிக்கொண்டிருக்கும்.

அக்கரையில் சாப்பிட உட்காருவது

இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அருவிக்குக் கீழே நாம் வந்து சேர்கிற கரை பெரும்பாலும் சகதியும் வேரும் இருட்டுமாக இருக்கும். எதிர்க்கரையில், அல்லது ஆற்றின் நடுவிலேயே, தட்டையான பாறை ஒன்று வெயிலில் பளிச்சென்று கிடக்கும். படம் எடுக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. தண்ணீர் கணுக்கால் அளவுதான். நாலு எட்டு வைத்தால் அக்கரை. போய்ப் பாயை விரித்து டப்பாக்களைத் திறந்துவிடுவார்கள்.

கோத்தா திங்கிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆற்றில் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தோம். பாட்டி, பிள்ளைகள், பெரியவர்கள், புளிச்சோறு, வறுத்த நெத்திலி. நாங்கள் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் அக்கா ஒருவர் இக்கரையில் நின்று கூப்பிட்டார்: "அண்ணே, சாப்பாட்டை இந்தப் பக்கம் எடுத்துட்டு வந்துடுங்க, மலை மேல இருட்டிக்கிட்டு வருது." அந்த அண்ணன் அண்ணாந்து பார்த்தார். அவர் தலைக்கு மேலே நீலமாகத்தான் இருந்தது. "இங்க ஒரு சொட்டுகூட இல்லையேம்மா, முடிச்சிட்டு வந்துடறோம்" என்றார்.

முதலில் வந்தவை இலைகள். அதுவரை அடி தெரிய ஓடிய நீரில் காய்ந்த இலையும் சுள்ளியும் மூங்கில் சிம்புமாகக் கொத்துக் கொத்தாக மிதந்து வந்தன. அப்புறம் ஓரம் கலங்கியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு முழுக்க தே தாரிக், அதான் நம் பால் தேநீர், நிறத்துக்கு வந்துவிட்டது. சலசலப்பு போய்க் கனத்த இரைச்சல், அதற்கு அடியில் டொம் டொம் என்று பாறைகள் உருண்டு மோதும் ஓசை. கரையில் நின்ற எங்கள் பாதத்தில் அது அதிர்ந்தது. அவர்கள் பாயைச் சுருட்டி முடிப்பதற்குள் கணுக்கால் தண்ணீர் இடுப்பளவாகிவிட்டது.

"எல்லாரும் கையைக் கோத்துக்கிட்டு வந்துடலாம்" என்று அந்த அண்ணன் இறங்கப் பார்த்தார். தொண்டை கிழியக் கத்தி நிறுத்தினோம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். வேகமாக வந்தால் முழங்கால் அளவு வெள்ளமே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும், கை கோத்திருந்தால் சாய்கிறவர் மற்றவர்களையும் சேர்த்து இழுப்பார். மேட்டுக்கு ஏறுங்கள் என்று கையைக் காட்டினோம், ஏறினார்கள். மழை விட்டு நீர் வடிவதற்குள் இருட்டிவிட்டது. பாட்டி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். எங்கள் பைகளில் உலர்ந்த சட்டைகள் இருந்தன. இடையில் இருபதடி தூரம்தான், கொடுக்க வழியில்லை.

எல்லோரும் பத்திரமாகத் திரும்பினார்கள். அதோடு முடிந்திருந்தால் சரி என்று விட்டிருப்பேன். கொஞ்ச நாளில் அதே பாறை, அதே பாய், அருமையான பிக்னிக் இடம் என்று அந்தப் படம் சுற்ற ஆரம்பித்தது. வெள்ளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பாறையைத் தேடிப் போகிறவர்களை இன்றும் வழியில் பார்க்கிறோம். என் ஆத்திரமெல்லாம் அதில்தான்.

மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயிர் என்று சொல்லும் இந்த வெள்ளத்துக்கு நாம் நிற்கிற இடத்தில் மழை பெய்ய வேண்டியதே இல்லை. முகட்டில் பெய்தது அத்தனை சிற்றோடைகள் வழியாகவும் இறங்கி ஒரே பள்ளத்தாக்கில் சேர்கிறது. வழியில் விழுந்துகிடக்கும் மரங்களும் கிளைகளும் அதை அடைத்துக்கொண்டு, பாரம் தாங்காமல் உடைந்தால், மொத்தமும் ஒரே மூச்சில் வரும். அதனால் வெள்ளத்துக்கு முன்பு சில சமயம் நீர் குறைவதும் உண்டு. திடீரென்று குறைந்தாலும் எழுந்துவிடுங்கள். 2021 ஆகஸ்ட் 18-ல் மலேசியாவின் கெடாவில் ஜெராய் மலையிலிருந்து மரமும் பாறையுமாக இறங்கிய வெள்ளம் தீத்தி ஹாயூன் அருவிப் பகுதியைச் சிதைத்து உயிர்களையும் கொண்டுபோனது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றதும் இப்படி வந்த தண்ணீர்தான்.

செய்ய வேண்டியது இதுதான். சாப்பாடு, பை, பிள்ளைகள், வயதானவர்கள் எல்லாம் திரும்பிப் போகிற கரையிலேயே இருக்கட்டும். கரையோர மரக்கிளைகளைப் பாருங்கள், காய்ந்த புல்லும் சருகும் சிக்கித் தொங்கும். போன வெள்ளம் ஏறிய உயரம் அது. உட்காருவது அதற்கும் மேலே. அந்தப் பாறையில் நின்று படம் வேண்டுமென்றால் போய் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள், அதுவரை ஒருவர் கரையில் நின்று மேல்நீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கைபேசியை அல்ல.

பையின் இடுப்புப் பட்டையைப் போட்டபடி ஆற்றில் இறங்குவது

அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையைச் சட்டென்று கழற்ற முடிய வேண்டும். கயிற்றை உடம்பில் கட்டிக்கொள்வது அதைவிட மோசம், நீர் உங்களை அடியிலேயே பிடித்து வைத்துவிடும். கடக்க வேண்டுமானால் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கிற இடத்தில், கோலை ஊன்றி, நீர் வருகிற திசையைப் பார்த்தபடி. அருவி விழத் தொடங்குகிற உச்சியில் ஒருபோதும் வேண்டாம்.

விலை உயர்ந்த காலணி

புக்கிட் தீமாவின் 163 மீட்டரைத் தார்ச்சாலையிலேயே ஏறிவிடலாம், அங்கே எந்தக் காலணியும் தாங்கும். பாசி பிடித்த ஈரப் பாறை வேறு. அங்கே பாருங்கள், உள்ளூர் வழிகாட்டிகள் காலில் கம்போங் அடிடாஸ் என்று சொல்லும் ரப்பர் காலணிதான் இருக்கும். முழுக்க ரப்பர், அடியில் குமிழ் குமிழாகப் பிடிப்பு, நனைந்தால் உதறிவிட்டு நடக்கலாம். விலையும் குறைவு. ஆனால் பாசியில் எதுவும் வழுக்கும், அதனால் பாறை தாவாதீர்கள்.

குளத்தில் குதிப்பது

போன வாரம் இல்லாத மரம் இந்த வாரம் அடியில் கிடக்கும். வேண்டாம்.

அட்டைக்குப் பயந்து பாதை நடுவில் நிற்பது

நடங்கள்.

டிசம்பரில் போவது

நம் பிள்ளைகளின் நீண்ட விடுமுறை நவம்பர் நடுவில் தொடங்குகிறது, வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். ஜோகூரின் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவையே அந்தப் பருவத்தில் மூடுவது வழக்கம். 2001 டிசம்பர் 27-ல் பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் வருமா என்று எல்லோரும் வியந்த வாமே நம்மை ஒட்டிக் கரையேறியது. அடுத்த நாள் ஜோகூரின் புலாய் மலையில் மண்ணும் மரமும் ஆற்றோடு சரிந்து, கீழே வீடுகளில் இருந்த ஐந்து பேர் இறந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போக ஆசைப்படுகிறவர்கள் ஜூன் விடுமுறையில் போங்கள், அதுவும் காலையிலேயே.

திரும்பிய பிறகு வரும் காய்ச்சலை அலட்சியம் செய்வது

அருவி நீரில் எலி மூத்திரம் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது காலில் இருக்கிற சின்னச் சிராய்ப்பு வழியாகவே உடம்புக்குள் போய்விடும். 2010-ல் பகாங்கின் லுபுக் யூ அருவியில் மூழ்கியவரைத் தேடி நீரில் இறங்கியவர்களில் பலர் எலிக்காய்ச்சலாலும் மெலியோய்டோசிஸ் என்ற தொற்றாலும் பாதிக்கப்பட்டு, சிலர் இறந்தும் போனார்கள். புண் இருந்தால் நீரில் இறங்காதீர்கள். போய் வந்து ஓரிரு வாரத்தில், சில சமயம் ஒரு மாதம் கழித்தும், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் பெனடால் மாத்திரை போட்டுப் படுத்துவிடாமல் மருத்துவரிடம் போங்கள். எந்தத் தேதியில் எந்த ஆற்றில் இறங்கினீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இங்கே அவர் முதலில் டெங்கியைத்தான் நினைப்பார்.