டோன்ஆர்முக்குப் பணம் கொடுக்கும் முன்

போன மாதம் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி இசைத்தட்டு சுழற்றும் தன் டர்ன்டேபிளை மெத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பாண்டிக்கு, குருசுக்குப்பத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, தட்டோட கடைசிப் பாட்டுல 'ச', 'ஸ' எல்லாம் சீறுது. அறுபதாயிரத்துக்கு ஒரு ஆர்ம் பார்த்து வச்சிருக்கேன். வாங்கிடலாமா?"

ஆறு வருடம் முன்பு நானும் இதே சீறலுக்காகப் பெரிய விலையில் ஓர் ஆர்ம், அதாவது முள்ளைத் தாங்கித் தட்டின் மேல் நகரும் கையை வாங்கினேன். மாட்டிய பிறகும் அப்படியே சீறியது. அதனால் அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

33⅓ வேகத்தில் சுற்றும் எல்பி இசைத்தட்டின் வெளி ஓரத்தில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் முள்ளைக் கடந்து போகிறது. லேபிள் பக்கம் வரும்போது 21 செ.மீ.தான். அதே பாட்டு அங்கே நெருக்கி அடைத்திருக்கும், முள்ளின் கோணம் கொஞ்சம் பிசகினாலும் காதில் விழும். தட்டை வெட்டிய கருவி நேர்க்கோட்டில் நகர்ந்தது. நம் ஆர்மோ ஒரு முனையில் நின்று வில்லாக வீசுகிறது. கோணம் சரியாகப் பொருந்துவது இரண்டே இடத்தில். ஒன்பது அங்குல ஆர்ம் ஐயாயிரம் ரூபாயானாலும் ஐந்து லட்சமானாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே முதலில் ரசமட்டம் வைத்து மேடையைச் சமன் செய்யுங்கள். முள்ளை லென்ஸில் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்றே தெரியாவிட்டால் புதுசு மாற்றிவிடுங்கள். அப்புறம், முள் தட்டை அழுத்தும் எடை. ஆர்மின் பின்குண்டில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் முள் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின்சைகையாக மாற்றும் சிறு பெட்டி) என்றால் 1.8 கிராம். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். முள் பள்ளத்தில் பிடிமானம் இல்லாமல் துள்ளுவதுதான் தட்டை அதிகம் கெடுக்கும்.

கடைசியில் புரோட்ராக்டர், அதாவது முள்ளின் கோணம் பார்க்கும் அட்டை. காகிதத்தில் அச்செடுத்ததே போதும், ஆனால் அளவு சுருங்காமல் அச்சாகியிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரண்டு புள்ளியிலும் முள்ளை இறக்கி, கார்ட்ரிட்ஜ் கோடுகளுக்கு இணையாக நிற்கும்வரை திருகைத் தளர்த்தி நகர்த்துங்கள். அரை மணி நேரம் ஆகும். அவசரப்படாதீர்கள், முள்ளை இறக்கும்போது மட்டும் அதன் உறையைக் கழற்றுங்கள். தம்பியின் கார்ட்ரிட்ஜ் மூன்று மில்லிமீட்டர் பின்னால் இருந்தது.

ஆர்மிலேயே கோளாறு இருக்கிறதா என்பதையும் சோதிக்கலாம். ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை ஈடுசெய்யும் ஆன்டி-ஸ்கேட்டிங்கைப் பூஜ்யத்தில் வைத்து, பின்குண்டைத் திருகி ஆர்மை மிதக்கவிடுங்கள். மெல்ல ஊதினால் தயங்காமல் நகர வேண்டும். எங்காவது ஒட்டி நின்றாலோ, கழுத்தை லேசாக அசைக்கும்போது 'டக்' என்று ஆடினாலோ பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் இது சகஜம். இப்படியானால் வேறு ஆர்முக்குச் செலவு செய்வது நியாயம்.

விலை கூடும்போது உண்மையில் கிடைப்பது நல்ல பேரிங், அதிராத குழாய், உயரத்தை நுணுக்கமாகச் சரிசெய்யும் வசதி. இவை நிஜமான நன்மைகள்தான். ஆனால் கார்ட்ரிட்ஜோடு பொருந்த வேண்டும். ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (ஆர்ம் அசையும்போது முள் உணரும் எடை), கார்ட்ரிட்ஜ், திருகு மூன்றின் எடையையும் கூட்டி, கம்ப்ளையன்ஸால் (முள் எவ்வளவு நெகிழும் என்று கார்ட்ரிட்ஜுக்குக் கொடுத்திருக்கும் எண்) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதால் வகுங்கள். விடை, ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக ஆடும் அதிர்வெண். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது. 12 கிராம் ஆர்மில் 7.2 கிராம் எடையும் 20 கம்ப்ளையன்ஸும் உள்ள 2எம் ரெட், திருகு ஒரு கிராம்: கிட்டத்தட்ட 8. அதே கார்ட்ரிட்ஜை 25 கிராம் ஆர்மில் போட்டால் 6-க்கு இறங்கிவிடும். வளைந்த தட்டில் ஆர்ம் குதிக்கும், ஸ்பீக்கரின் ஊஃபர் தள்ளாடும். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் இதுதான் நடக்கும். கனமான ஆர்ம், விறைப்பான எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவருக்கு ஏற்றது.

சரி, தம்பிக்கு என்ன ஆயிற்று? கார்ட்ரிட்ஜை மாட்டும் ஹெட்ஷெல்லின் பின்களில் ஏறியிருந்த களிம்பை அழிரப்பரால் துடைத்து, கோணத்தைச் சரிசெய்து, அவர் கொண்டுவந்த ஆறு தட்டுகளையும் ஓட்டினோம். ஐந்தில் சீறல் போய்விட்டது. ஆறாவது, அவர் அப்பா தினமும் கேட்ட எக்கோ நிறுவனத்தின் ஒரு பழைய தட்டு. அதன் கடைசிப் பாட்டில் பள்ளத்தையே தேய்ந்த முள் தின்றிருந்தது. அந்தத் தட்டுக்கு இன்னொரு பிரதி தேடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.